வெட்டினோம்

பிப்ரவரி 4

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். முழங்கால் இருக்கிறது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அறுவை முடிந்து ஒன்பது நாள் ஆகிறது. ஜூன் முதல் வாரம் வரை உன் அத்தை வீட்டிலேயே இருந்து பயிற்சி எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயிற்சி கொடுக்க வருகிற பெண் என் காலை மடக்கிப் பிடித்துக்கொண்டு, “வலிக்குதா சார்?” என்று சிரித்த முகமாகக் கேட்கிறாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிபடவில்லை. நீ சுகம்தானே? பரிசோதனைக் கூடத்தில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை ஊரார் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே பட்டினி கிடக்கிறாயா?

போனில் பேசினால் ஆகாதா என்கிறாள் அத்தை. நீ “செடி பூத்தது” என்றால் என் காதில் “இடி விழுந்தது” என்று விழும். ஆகவே எழுது. முப்பத்தாறு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவனுக்கு எழுத்தில் இருந்தால்தான் நம்பிக்கை வருகிறது.

இந்த மாதக் கடைசிக்குள் ரோஜாக்களுக்குக் கவாத்து முடிய வேண்டும். வெளிப்பக்கம் பார்த்த முளையாகத் தேர்ந்தெடு. அதற்குக் கால் அங்குலம் மேலே சாய்த்து வெட்டு. சாய்வு முளைக்கு எதிர்ப்பக்கம் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் முளையில் தங்கி அழுகிவிடும். கத்தரியை ஒவ்வொரு செடிக்கும் துடை. பதினோரு செடிக்கும் எண் அட்டை கட்டியிருக்கிறேன். எண் இல்லாத பன்னிரண்டாவது அம்மாவுடையது. அதைத் தொடாதே.

தோட்டத்துக்குள் யாரையும் விடாதே. முக்கியமாகப் பக்கத்து வீட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரை. பதியம் போட அம்மா செடியிலிருந்து ஒரு குச்சி வேண்டும் என்று ஐந்து வருஷமாக என் பின்னால் அலைகிறார். நான் ஊரில் இல்லை என்பது அவருக்கு இந்நேரம் தெரிந்திருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா

•

பிப்ரவரி 13

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். முழங்கால் எத்தனை தூரம் மடங்குகிறது என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அந்தப் பயிற்சிப் பெண் பாவம், எல்லோரிடமும் சிரிக்கிறவளாக இருக்கும்.

ஒன்று முதல் நான்கு வரை முடிந்தது. ஐந்து நாள் ஆயிற்று. முதல் குச்சியை வெட்டும் முன் உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வெட்டிய பிறகு பார்த்தால் முளை உள்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒன்றாம் எண்ணிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மூக்குக்கண்ணாடிக்காரர் சுவர் மேலிருந்து “அப்பா எப்படி இருக்காரு?” என்று கேட்டார். அவ்வளவுதான்.

அம்மா செடிதான் கவலையாக இருக்கிறது. ஆள் உயரம் தாண்டிவிட்டது. அடியில் ஒரு இலை கிடையாது. மூன்று குச்சி கறுத்துவிட்டது, கறுப்பு கீழே இறங்கிக்கொண்டே வருகிறது. போன வருஷம் நான்கு பூதான் பூத்தது, ஞாபகம் இருக்கிறதா? அதையும் நன்றாக இறக்கி வெட்டிவிடட்டுமா? எழுதுங்கள்.

உங்கள் மகள்

•

பிப்ரவரி 20

அன்பு மகளுக்கு,

முழங்கால் பாதி மடங்குகிறது. மீதிப் பாதியை அந்தப் பெண் எங்கோ ஒளித்து வைத்திருக்கிறாள்.

அம்மா செடி விஷயத்தில் ஒரு தடவை சொன்னேன். கறுத்ததை மட்டும் எடு. இறக்கி வெட்டுகிற பேச்சே வேண்டாம். அந்தப் பேச்சு நம் வீட்டில் ஒரு தடவை நடந்து முடிந்துவிட்டது.

சுவர் மேலிருந்து கேட்டாரா? அந்தச் சுவர் அவர் தலைக்கும் மேலே ஒரு சாண் உயரம். அதற்கு மேல் முகம் தெரிந்தது என்றால் எதன் மேலோ ஏறி நின்றிருக்கிறார். நலம் விசாரிக்க ஸ்டூல் எதற்கு?

செடிக்கு ஒன்றாக, வெட்டி விழுந்த துண்டுகளை எண் எழுதிக் கவரில் வைத்து அனுப்பு. அப்பாவுக்கு என் மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்பாய். நம்பிக்கை இருப்பதால்தான் செடிக்கு ஒன்று கேட்கிறேன். வேறு யாராவது என்றால் எல்லாவற்றையும் அனுப்பச் சொல்லியிருப்பேன்.

இருமல் ஏதும் இல்லையே? ஈரத்தில் நிற்காதே.

உன் அப்பா

•

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

இருமல் இல்லை. நன்றாக இருக்கிறேன். நீங்களும் பயிற்சியை ஏமாற்றாமல் செய்யுங்கள், அத்தையிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

நீங்கள் கேட்ட பதினோரு துண்டும் இத்துடன். முள்ளைக் கிள்ளிவிட்டேன், தபால்காரர் கையில் குத்தக் கூடாதே. ஞாயிறு காலையில் ஆரம்பித்து மதியத்துக்குள் ஐந்திலிருந்து பதினொன்று வரை வெட்டினோம். குப்பையை அள்ளி வெளியே போட்டேன். அடி மண்ணைக் கிளறி மக்கிய சாணமும் வைத்தாயிற்று. மாடிக் குழாய் ஒழுகியதே, அதுவும் நின்றுவிட்டது. மாடிப்படி விளக்கு எரிகிறது.

அம்மா செடியில் நீங்கள் சொன்னபடி கறுத்ததை எடுத்தாயிற்று.

துண்டுகளைப் பாருங்கள், எவ்வளவு சுத்தமாக விழுந்திருக்கின்றன! இந்தத் தடவை என்னைப் பாராட்டித்தான் ஆக வேண்டும்.

உங்கள் மகள்

•

மார்ச் 11

அன்பு மகளுக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கடிதத்தில் ‘போட்டேன்’ என்று இருக்கிறது. ‘கிள்ளிவிட்டேன்’ என்று இருக்கிறது. நடுவில் ஒரே ஒரு இடத்தில் ‘வெட்டினோம்’ என்று இருக்கிறது. குப்பை அள்ளும்போது ஒருத்தியாக இருந்தவள் வெட்டும்போது எப்படி இரண்டு பேரானாய்? அந்த ‘ஓம்’ யார்?

நாலு செடிக்கு ஐந்து நாள் எடுத்தவள் ஏழு செடியை ஒரு காலையில் முடித்தாள். ஒழுகிய குழாய் தானாக நின்றது. ஒரு வருஷமாக எரியாத விளக்கு எரிகிறது. நான் ஊரில் இல்லாதது வீட்டுக்கு இவ்வளவு ஒத்துக்கொள்கிறதா?

துண்டுகளை உன் அத்தையின் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நம் கத்தரிக்கு ஒரு பக்கம் கத்தி, மறுபக்கம் கொக்கி. கத்திப் பக்கம் சுத்தமாக வெட்டும், கொக்கிப் பக்கம் கொஞ்சம் நசுக்கும். அது வலது கைக்குச் செய்த கத்தரி. வலது கையில் பிடித்தால் நசுக்கல் விழுகிற துண்டில் போகும், செடி சுத்தமாக நிற்கும். ஒன்று முதல் நான்கு வரை துண்டு நசுங்கியிருக்கிறது. சந்தோஷம். ஐந்திலிருந்து பதினொன்று வரை நசுக்கலே இல்லை. அப்படியென்றால் நசுக்கல் என் செடியில் நிற்கிறது. அதே கத்தரியை இடது கையில் பிடித்தால்தான் இப்படிப் பக்கம் மாறும். நீ பாராட்டு கேட்கிறாய்!

கண்ணாடிக்காரர் எந்தக் கையால் எழுதுவார் என்று பார்த்துச் சொல்.

உன் அப்பா

•

மார்ச் 17

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்கள் பிழை திருத்தும் வேலையை விட்டுப் போலீஸில் சேர்ந்திருக்கலாம்.

‘ஓம்’ பற்றி: எங்கள் கூடத்தில் அறிக்கை எழுதும்போது ‘பரிசோதித்தோம்’ என்றுதான் எழுதுவோம், ஒருத்தியே செய்தாலும். கை பழகிவிட்டது. இடது கை பற்றி: நான்காம் செடி வெட்டும்போது வலது கட்டைவிரலில் முள் ஏறி வீங்கிவிட்டது. மிச்சத்தை இடது கையால் வெட்டினேன். நீங்கள் பயப்படுவீர்கள் என்று எழுதவில்லை. குழாய்க்கு ஆள் கூப்பிட்டேன். அதையும் எழுதியிருக்க வேண்டும், சரி.

கண்ணாடிக்காரர் எந்தக் கையால் எழுதுகிறார் என்று போய் எட்டிப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஐந்தாம் எண்ணில் சிவப்புச் சிவப்பாகத் தளிர் விட்டிருக்கிறது. அதைப் பற்றிக் கேட்பீர்கள் என்று நினைத்தேன்.

உங்கள் மகள்

•

மார்ச் 29

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

பக்கத்து வீட்டுக்காரன் எழுதுவது. தங்கள் கால் சீக்கிரம் குணமாகட்டும். தங்கள் கடிதம் கிடைத்தது. நான் வலது கையால்தான் எழுதுகிறேன். எதற்குக் கேட்கிறீர்கள் என்று தெரியவில்லை.

தங்கள் தோட்டத்துக்குள் நான் காலடி வைக்கவில்லை. ஆனால் வேறொருவர் வருகிறார், நான் இங்கே குடிவந்த ஐந்து வருஷத்தில் பார்த்திராத முகம். முப்பது வயது இருக்கும். முன் வாசல் பக்கமே போவதில்லை. சந்துப் பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்து, குனிந்து உள்ளே நுழைகிறார். திருடனோ என்று முதலில் பார்த்தேன். எந்தத் திருடனும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் போக மாட்டான். செடிகளோடு வாய்க்குள் ஏதோ பேசிக்கொண்டே வேலை பார்க்கிறார். எல்லாம் இடது கையால்.

தங்கள் குடும்ப விஷயத்தில் தலையிட எனக்கு இஷ்டமில்லை. சுவரோரம் நான் போட்டிருப்பது ஸ்டூல் அல்ல, பெட்டி. நான் கேட்ட ஒரு குச்சி இன்னும் வரவில்லை என்பதையும் நினைவூட்டுகிறேன்.

அண்டை வீட்டான்

•

ஏப்ரல் 1

மகளுக்கு,

கட்டைவிரல் வீங்கினவள் எழுதிய கடிதத்தைப் பழைய கடிதத்தோடு வைத்துப் பார்த்தேன். ஒரு சுழி மாறவில்லை. வீங்கிய விரலோடு இப்படி எழுத முடியும் என்றால் எல்லோரும் வீங்க வைத்துக்கொள்ளலாம்.

பக்கத்து வீட்டிலிருந்து கடிதம் வந்தது. யார் என்று உன்னிடம் நான் கேட்கப் போவதில்லை. ஒன்றே ஒன்றுக்குப் பதில் எழுது. அம்மா செடியைத் தொட்டானா? ஆம் அல்லது இல்லை. கதை வேண்டாம்.

அப்பா

•

ஏப்ரல் 7

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தில் நலம் விசாரிப்பு இல்லை. இருந்தாலும் நான் கேட்கிறேன். கால் எப்படி இருக்கிறது? ராத்திரி வலி குறைந்ததா?

‘தொட்டாரா’ என்று கேட்காமல் ‘தொட்டானா’ என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆம், தொட்டான். மார்ச் ஆறாம் தேதி முட்டிக்குக் கீழே வெட்டிவிட்டான். நான்தான் வெட்டச் சொன்னேன். இனி ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, முழுசாகவே எழுதிவிடுகிறேன்: நாங்கள்தான் வெட்டினோம்.

தம்பி விலாசம் என்னிடம் எப்போதும் இருந்தது. பிப்ரவரியில் நீங்கள் வேண்டாம் என்று எழுதிய கடிதம் வந்த அன்றைக்கே அவனைக் கூப்பிட்டேன். “அவர் இல்லாத வீட்டுக்குத்தான் நான் வரணுமாக்கா?” என்றான். “அம்மா செடி சாகப்போகுதுடா” என்றேன். லிப்ட் கம்பெனியில் லீவு போட்டுவிட்டு மூன்றாம் நாள் வந்து நின்றான். முன் வாசலைத் திறந்தேன். உள்ளே வரவில்லை. “இந்த வாசல்ல கால் வைக்கக் கூடாதுன்னுதானே சொன்னார்?” என்று சிரித்தபடி சந்துப் பக்கம் சுற்றிக்கொண்டு வந்தான். இன்று வரை அப்படித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை அப்பா.

அவனை நீங்கள் அடித்த அன்று நான் வேலைக்குப் போயிருந்தேன். என்ன நடந்தது என்று நீங்களும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. போன வாரம்தான் கேட்டேன். அம்மா தவறிப்போன மூன்றாம் வாரம் அந்தச் செடியை அவன் வெட்டினான். படுக்கையில் இருந்தபோது அம்மாதான் நாள் சொல்லி, முட்டி அளவு சொல்லி, வெட்டச் சொன்னாளாம். நீங்கள் வந்து மொட்டைக் குச்சிகளைப் பார்த்து அறைந்தீர்களாம். “அடிச்சது வலிக்கலக்கா,” என்றான். “‘செடியையும் கொன்னுட்டியாடா’ன்னு கேட்டார். செடியைன்னு கேக்கல. செடியையும்.”

அம்மாவுக்கு மூச்சு முட்டிய அன்று வீட்டில் அவன் மட்டும்தான் இருந்தான். “அப்பாவுக்குச் சொல்லாதே, வேலை முடிஞ்சு வரட்டும்” என்று அம்மாதான் தடுத்தாள். நீங்கள் வந்தபோது அம்மா இல்லை. இது உங்களுக்கும் தெரியும். ஆறு வருஷமாக அந்த ஒரு ‘உம்’மைத் தூக்கிக்கொண்டு திரிகிறான் அப்பா.

மே முப்பதாம் தேதி அவனுக்கு விமானம். கம்பெனி வெளிநாட்டு வேலைக்கு அனுப்புகிறது, ஐந்து வருஷ ஒப்பந்தம். நீங்கள் ஜூனில் வருவதால் தேதி தோதாகிவிட்டது என்கிறான். இந்தத் தடவை அவன் போனால் திரும்பி வருவான் என்று எனக்குத் தோன்றவில்லை.

கோபமாக இருந்தாலும் பதில் போடுங்கள்.

உங்கள் மகள்

•

ஏப்ரல் 27

அன்புள்ள அப்பாவுக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. அத்தைக்குப் போன் செய்தேன். கால் நன்றாக மடங்குகிறது, சாப்பாடு பாதிதான் இறங்குகிறது என்றாள். “உன் கடுதாசிய வெச்சுக்கிட்டு நாளெல்லாம் ஒக்காந்திருக்காரு. சிவப்புப் பேனா கேட்டாரு. வாங்கிக் கொடுத்தேன். ஒண்ணும் எழுதல” என்றாள்.

அம்மா செடி பூத்துவிட்டது. வெட்டி ஐம்பத்திரண்டு நாள். அடியிலிருந்து ஒன்பது புதுக் குச்சி. இன்று காலை எண்ணினேன், மொட்டோடு சேர்த்து முப்பத்தெட்டு. கண்ணாடிக்காரர் பெட்டி மேல் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போய்விட்டார்.

இந்தக் கவரில் ஒரு இதழ் வைத்திருக்கிறேன். தம்பி சாமான் கட்ட ஆரம்பித்துவிட்டான். ஒரு வரி போதும் அப்பா.

உங்கள் மகள்

•

மே 4

அன்பு மகளுக்கும் மகனுக்கும்,

கால் நன்றாக இருக்கிறது. அந்தப் பயிற்சிப் பெண் நல்லவள்தான். எல்லோரிடமும் சிரிக்கிறாள், விசாரித்துவிட்டேன். நீங்கள் இருவரும் சுகமா?

அந்தத் துண்டுகளைக் கையில் எடுத்த அன்றே எனக்குத் தெரியும். என் கத்தரியை இடது கையில் பிடித்து வெட்ட நம் வீட்டில் ஒருவனால்தான் முடியும். தெரிந்துகொண்டே கண்ணாடிக்காரரைப் பிடித்துத் தொங்கினேன். அவர் மேல் சந்தேகப்படுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

இன்னொன்றும் எழுதுகிறேன், இது இதுவரை எழுத்தில் இல்லாதது. நீ போன பிறகு, மகனே, ஐம்பத்தொன்றாம் நாள் அந்தச் செடி பூத்தது. அம்மா இருந்தபோது கூட அப்படிப் பூத்ததில்லை. உன் அக்காவும் பார்த்தாள், நானும் பார்த்தேன். அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும். விலாசம் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விலாசம் அக்காவின் டைரியில் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு ஒரு வருஷமும் அதை இறக்கி வெட்ட எனக்குக் கை வரவில்லை. வெட்டினால் நீ செய்தது சரி என்று ஆகிவிடுமே. அந்தப் பிடிவாதத்தில் உன் அம்மா செடியைச் சாகக் கொடுக்க இருந்தேன். உன் அம்மாவை நீ கொல்லவில்லை. அவள் சொன்னதை நீ கேட்டாய். அவள் நிலை தெரிந்தும் அச்சகத்துக்குப் போய், அன்று மெய்ப்புப் பிரதியை விட்டு எழுந்திருக்காதவன் நான்தான். அந்தக் குற்றத்தைத் தூக்கி உன் தலையில் வைத்தேன்.

ஜூன் வரை காத்திருக்க மாட்டேன் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். பதினாறாம் தேதி காலை வண்டியில் வருகிறேன். நான் வரும்போது முன் வாசலை உள்ளிருந்து நீ திறக்க வேண்டும். வேலைக்குப் போகாதே என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதற்கு முன் இரண்டு வாரம் இருக்கிறது. இடது கைக்குச் செய்த கத்தரி இங்கே ஒரு கடையில் இருந்தது, வாங்கியிருக்கிறேன். என் செடிகளில் நசுக்கல் விட்டுவிட்டுப் போக உன்னை அனுமதிக்க முடியாது. கண்ணாடிக்காரருக்கு ஒரு குச்சி கொடுத்துவிடுங்கள். ஒன்றுதான். எண்ணிக் கொடுங்கள்.

ஏப்ரல் ஏழாம் தேதிக் கடிதத்தைத் திருத்தி இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். சிவப்பு மையில் இரண்டே திருத்தம். ‘நாங்கள்தான் வெட்டினோம்’ என்ற இடத்தில் ‘நாங்கள்’ என்றால் அதில் நான் இல்லை. அதை அடித்துவிட்டு ‘நாம்’ என்று போட்டிருக்கிறேன். ‘செடியையும்’ என்ற சொல்லில் ‘உம்’மை எடுத்துவிட்டேன். அது என் பிழை. ஆறு வருஷம் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தும் திருத்தாமல் விட்ட ஒரே பிழை அதுதான்.

இந்தக் கடிதத்தின் முதல் வரியில் ‘மகனுக்கும்’ என்று எழுதியிருக்கிறேன். அந்த ‘உம்’ இருக்கட்டும். இரண்டு தடவை பார்த்துவிட்டேன், சரியாகத்தான் இருக்கிறது.

உங்கள் அப்பா